‘தா’ என்றால் ஆமாம்

என் பேத்தி ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். இரண்டு வருடம் முடித்துவிட்டு, விடுமுறைக்குப் பாரிவாக்கம் வந்திருந்தாள். வந்த மறுநாளே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ரஷ்யச் செய்தி கேட்க உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் பிடுங்கிப் போட்டாள்.

“ஒண்ணும் புரியல தாத்தா. புத்தகத்துல இருந்தா புரியுது. யாராவது பேசினா போச்சு.”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கோடையில் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். படுக்கையில் இருந்த ஒரு பாட்டி இவளிடம் ஏதோ கேட்டிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே “தா, தா” என்று தலையாட்டிவிட்டாள். ரஷ்ய மொழியில் ‘தா’ என்றால் ஆமாம். பாட்டி எழுந்து பையில் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்டது, “இன்னிக்கு நான் வீட்டுக்குப் போகலாமா?” நர்ஸ் வந்து திரும்பப் படுக்க வைத்தபோது அந்த அம்மா அழுதிருக்கிறார்.

“பாடம் இங்கிலீஷ்ல நடத்துறாங்க. நோயாளி ரஷ்யன்லதானே தாத்தா பேசுவாங்க? இனிமே வார்டுக்குப் போகணும். பயமா இருக்கு.”

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நானும் தலையாட்டியவன்தான்.

ஆவடி டாங்கி ஃபேக்டரியைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1965 கடைசியில் வெளிவந்த விஜயந்தா பிரிட்டிஷ் வடிவமைப்பு. 1980களில் டி-72 வந்தபோது ரஷ்ய மொழியும் கூடவே வந்தது. வரைபடங்களைப் பார்த்துப் பார்த்தே எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் ஒரு ரஷ்ய நிபுணர் மேஜையில் இருந்த இரும்புத் துண்டைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். நான் “தா” என்றேன். ‘ஆறிவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறார் மனுஷன். விரலை உதறிக்கொண்டு அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்ய கலாசார மையத்தில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தேன். அங்கேதான் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தூரம் தெரிந்தது. பாலுக்கு ‘மொலொகோ’ என்று எழுதுவார்கள், ‘மலகோ’ என்று சொல்வார்கள். அழுத்தம் விழும் இடத்தில் மட்டும்தான் ஒகரம் முழுசாக ஒலிக்கும். மற்ற இடங்களில் தேய்ந்து அகரம் மாதிரி ஆகிவிடும். ‘வலிக்கிறது’ என்பதற்கு எழுத்தில் ‘பொலீத்’, பேச்சில் ‘பலீத்’. கண்ணால் படித்த வார்த்தை காதில் விழும்போது புது வார்த்தையாக இருக்கும். அவளுக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை. அவற்றின் சத்தம்தான் தெரியவில்லை.

“அதுக்குத்தானே செய்தி கேக்கறேன்?” என்றாள்.

அங்கேதான் தப்பு. எங்கள் ஷாப்பில் ஒரு பீகார் நண்பர் இருந்தார். ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்தியைக் கேட்டே தமிழ் கற்றுக்கொள்வது என்று வைராக்கியமாக இருந்தார். ஆறு மாதம் கழித்தும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா பேசியது ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஆவடி பஸ் கண்டக்டர்தான். தினமும் அதே ஆள், அதே வார்த்தை: “உள்ள போ, சில்லறையா குடு, பாரிவாக்கம்லாம் எறங்கு.”

ஆகவே பேத்திக்கு மூன்று விதி சொன்னேன். என்ன நடக்கிறது என்று பார்த்தாலே தெரிய வேண்டும். பத்து முறை கேட்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். நாளைக்கு உன்னிடம் யார் பேசப் போகிறார்களோ, அவர்கள் பேசுகிற மாதிரி பேச்சாக இருக்க வேண்டும். செய்தி இந்த மூன்றிலுமே தேறாது.

நான் முதலில் எடுத்துக் கொடுத்ததும் தேறவில்லை! ஓநாய் முயலைத் துரத்தும் ‘நூ, பகதீ!’ என்ற பழைய சோவியத் கார்ட்டூன். 1969இல் ஆரம்பித்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதில் ஏறக்குறையப் பேச்சே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்ததாக 1978இல் வந்த புரோஸ்தக்வாஷினோ கார்ட்டூன். ஒரு சிறுவன், பேசும் பூனை, பேசும் நாய் மூன்றும் கிராமத்தில் குடித்தனம் நடத்தும் கதை. ஊர்ப் பெயரே தயிரை நினைவூட்டும் பெயர். சுமார் 20 நிமிடம். அதை இரண்டிரண்டு நிமிடமாக நறுக்கிக்கொண்டோம். முதலில் எழுத்து இல்லாமல் கேட்பது. பிறகு கீழே ரஷ்ய எழுத்து ஓட விட்டுக் கேட்பது; இங்கிலீஷ் எழுத்து கூடாது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது.

பத்து நாளில் அது முடிந்தது. அடுத்து, ரஷ்யப் பாட்டிகள் தங்கள் சமையலறையில் சூப் வைத்துக்கொண்டே பேசும் வீடியோக்கள். கை செய்வதையே வாய் சொல்வதால் பாதி தானாகப் புரிகிறது. நடுவே முழங்கால் வலி, பிள்ளைகள் பற்றிய குறை எல்லாம் வரும். ‘எனக்கு பிரஷர்’ என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் ‘தவ்லேனியே’ என்று அழுத்தத்தைச் சொல்லித்தான் ரத்தக் கொதிப்பைக் குறிப்பிடுகிறார்கள். அதைக் கேட்டதும் பேத்தி, “நம்ம பாட்டி மாதிரியே இருக்கு தாத்தா” என்றாள். ஆஸ்கர் வாங்கிய ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ படத்தை அதற்கடுத்த படியாக வைத்தேன். செய்தி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஊருக்குப் போகும்போது இன்னொரு வார்த்தையும் சொல்லி அனுப்பினேன். எத்தனை கேட்டாலும் புரியாத பேச்சு வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது ‘தா’ சொல்லாதே. “புரியவில்லை, மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேள். அதைக் கேட்க நான் வெட்கப்பட்டதால்தான் ஒருவர் விரல் சுட்டது.

போன வாரம் போன் செய்தாள். வார்டில் ஒரு பாட்டியை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தாளாம். மூன்றாவது தடவை அந்த அம்மா கோபித்துக்கொண்டு கத்தியே சொல்லியிருக்கிறார்.

“என்ன சொன்னாங்க?”

“ஜன்னலைச் சாத்தச் சொன்னாங்க தாத்தா. சாத்திட்டேன்.”