திருப்பிக் கொடுத்த பூனை



ஒரு பூனைக்காக ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு வாசியுங்கள். உங்களில் யாராவது ஒருவரின் வீட்டில் இன்று காலை பூனை கட்டில் விரிப்பை நனைத்து வைத்திருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாவனல்லையில் பிறந்து வளர்ந்தவள். உம்மாவின் குசினியைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று பூனைகள் இருக்கும். மீன் வெட்டும் நேரத்துக்கு வரும், அடுப்படிச் சாம்பலில் சுருண்டு படுக்கும், மற்ற அலுவல்களுக்கு வளவுக்குள் போய்விடும். அவற்றை நாங்கள் வளர்த்தோம் என்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் பூனையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது நாங்கள் தெஹிவளையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். இங்கே ஒரு பிடி மண் கிடையாது. 2023 இல் மகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்ததும், முன்பே வாக்குக் கொடுத்திருந்தபடி, கைவிடப்பட்ட பூனைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்திலிருந்து ஒரு கடுவனைக் கொண்டு வந்தோம். சாம்பல் நிறம். கருத்தடை செய்யப்பட்டது. மகள் அதற்கு 'மீசை' என்று பெயர் வைத்தாள்.

முதல் மூன்று வாரமும் மீசை தங்கமான பிள்ளை. மரத்தூள் போட்ட தட்டில் போய் வந்தான். பிறகு ஒரு நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் என் முஸல்லா நனைந்திருந்தது. அடுத்த நாள் மகளின் தலையணை. அதற்கடுத்து இவரின் சாரம். பூனை வாய் வைத்த தண்ணீர் சுத்தமானது என்று நமக்குத் தெரியும். ஆனால் சிறுநீர் நஜீஸ். தொழுகிற வீட்டில் இதை எத்தனை நாள்தான் பொறுப்பது? கழுவிக் கழுவி என் கை தோல் உரிந்தது. பினாயில் ஊற்றித் துடைத்தேன். அது பூனைக்கு நஞ்சு என்பதை அப்போது நான் அறியவில்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவாம். அதுவுமன்றி, நமக்கு வாடை போனாலும் பூனையின் மூக்குக்குப் போவதில்லை. தன் வாடை இருக்கும் இடத்துக்கே அது திரும்பத் திரும்ப வருகிறது.

ஏசினேன். ஒரு தடவை அடித்தும் விட்டேன்.

"பூனையைக் கட்டிப் போட்ட பொம்புளைக்கு என்ன நடந்த எண்டு தெரியும்தானே மகள்" என்றார் மாமி. "நான் கட்டிப் போடவில்லையே மாமி, தந்தவர்களிடமே கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன்" என்றேன். என் பேச்சு எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்து, மீசையைப் பிரம்புக் கூடையில் போட்டு த்ரீவீலில் ஏறினேன். இல்லத்தை நடத்தும் சிங்கள அம்மையார் ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'கெட்ட பழக்கம்' என்று எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சொட்டுச் சொட்டாகவா போனான், நிறையவா?" எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று மாதம் அந்தப் பூனையின் அழுக்கைக் கழுவியிருக்கிறேன். எவ்வளவு என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆம், சிறு சிறு வட்டங்கள்தான். தட்டில் நெடுநேரம் குந்திக்கொண்டு முனகுவான். நான் அதை அடம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். மீசைக்குச் சிறுநீர் முழுதாக அடைத்துவிட்டதாம். மிருக வைத்தியர் குழாய் போட்டுத்தான் எடுத்தாராம். சலப்பையில் மணல் போல உப்புப் படிந்திருந்ததாம். கடுவன்களுக்குச் சிறுநீர்க்குழாய் மிக ஒடுக்கம். முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கிற பிராணி. நானோ காய்ந்த உணவை மட்டும் கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தேன். தட்டில் குந்தும்போதெல்லாம் வலித்தால், அது தட்டின் குற்றம் என்று நினைத்து மெத்தென்ற இடம் தேடுமாம். முஸல்லாவும் தலையணையும் அதற்குத்தான்.

அன்றிரவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை மீசையை 'மருந்துக்குக் கொண்டு போனதாக'ப் பொய் சொல்லி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. "அப்ப நீங்க பொய்யாச் சொன்னது உண்மையாப் போச்சு உம்மா" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என்னைச் சுடுகிறது.

நாங்கள் போய்க் கேட்டபோது அம்மையார் உடனே தரவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தந்திருக்கவே மாட்டேன். ஞாயிறு தோறும் மகளும் நானும் போய்ப் பார்த்தோம். கடைசியில், நான் எழுதிய படிவத்தை எடுத்துத் தரும்படி கேட்டேன். 'கெட்ட பழக்கம்' என்பதை வெட்டி 'நோய்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதை வாசித்துவிட்டு வேறு யாரும் அவனை வேண்டாமென்று சொல்லியிருந்தால்?

இப்போது வீட்டில் இரண்டு தட்டுகள். ஒன்றை உடுப்புக் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் முன்பு வைத்திருந்தேன். அது சுற்றும்போது எழும் சத்தத்துக்கு யார்தான் நிம்மதியாகக் குந்துவார்? அதை இடம் மாற்றினேன். உப்புப் போடாமல் அவித்த மீனைத் தண்ணீரோடு குழைத்து, வைத்தியர் சொன்ன உணவில் கலந்து வைக்கிறேன். அந்த உணவு விலைதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எதுதான் மலிவு? இவர் மாதமுடிவில் முணுமுணுக்கிறார், ஆனாலும் வாங்கி வருகிறார். தினமும் காலையில் தட்டைப் பார்த்து, கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று எண்ணுவது என் வேலை.

மீசை மகளின் காலடியில்தான் தூங்குகிறான். என்னிடமும் வருவான், மீன் வெட்டும்போது. அந்தப் பிரம்புக் கூடையை மட்டும் நான் கையில் எடுத்தால் போதும், கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். கூப்பிட்டால் வரமாட்டான். "அதை யாருக்காவது குடுத்துருங்க உம்மா" என்கிறாள் மகள். கொடுக்க முடியவில்லை. வைத்தியரிடம் கொண்டு போக வீட்டில் இருப்பது அந்தக் கூடை ஒன்றுதான்.