தாய்மாமன் ஏர்லைன்ஸ்!

உடுமலையிலிருந்து மூணாறு பஸ்ல போயிருக்கீங்களா ஃபிரெண்ட்ஸ்? சின்னாறு தாண்டி மறையூர் மலை ஏற ஆரம்பிச்சதும் காது 'கும்'முனு அடைச்சுக்கும். எச்சில் முழுங்கினா 'டப்'புனு திறக்கும். அந்த 'டப்'பைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கங்க. இந்தக் கதைக்கு அதுதான் வில்லன்!

போன வருஷம் எங்க வீட்டுல ஒரு வட்டமேஜை மாநாடு. தலைப்பிரசவத்துக்கு உடுமலை வந்த அக்காவை, அஞ்சாம் மாசம் சென்னைக்கு அனுப்பணும். அதுவும் ஆடி பொறக்கறதுக்குள்ள. மச்சானுக்கு லீவு இல்ல. அப்பாவோட ஓட்டு பாலக்காடு - சென்னை எக்ஸ்பிரஸுக்கு. "இங்க ஏறினா காலைல சென்னை. அம்புட்டுத்தான்"னார். "ராத்திரி பூரா இவ அழுதா அந்தப் பெட்டியே என்னை முறைக்கும். ஃப்ளைட்டுன்னா ஒரே மணி நேரம்"னு அக்கா. எங்க அமுச்சி மட்டும், "பச்சப் புள்ளைய எதுக்கு சாமி அவ்ளோ ஒசரத்துக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"ன்னு கேட்டுட்டே இருந்துச்சு. யாரும் கண்டுக்கல.

துணைக்குப் போறது யாரு? செமஸ்டர் லீவுல சும்மா கிடந்த அடியேன்தான். எனக்கும் அது முதல் ஃப்ளைட்டுங்கிறதை வெளியே சொல்லிக்கல. தாய்மாமன் பாருங்க... கெத்து முக்கியம்!

ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தனி சீட் கிடையாது. அம்மா மடிதான் சீட். அதுக்கு ஒரு சின்னக் கட்டணம் கட்டணும், வயசுக்கு சாட்சியா பிறப்புச் சான்றிதழ் வேணும். இங்க ஒரு குட்டி பிரேக். 2017 ஜூன்ல தம்மாம் - கொச்சி ஜெட் ஏர்வேஸ் ஃப்ளைட்ல நடுவானத்துல ஒரு பையன் பிறந்தான். 'வாழ்நாள் முழுக்க இலவச டிக்கெட்'னு கம்பெனி அறிவிச்சது. 2019 ஏப்ரல்ல அந்தக் கம்பெனியே பறக்கறதை நிறுத்திடுச்சு. பாவம், அப்ப அவனுக்கு ரெண்டு வயசுகூட முடியல. அதுவரைக்கும் அவன் மடி டிக்கெட் பார்ட்டிதான்!

நம்ம கதைக்கு வருவோம். பல்லடம் ரோட்டைப் பிடிச்சு, கோவை ஏர்போர்ட்டுக்குக் கார்ல ரெண்டு மணி நேரம். குடிமங்கலம் பக்கம் காத்தாடிகள் பேய் மாதிரி சுத்துது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆனி, ஆடியில எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். வீட்டுல கிளம்பும்போதே அமுச்சி பையில கட்டி வெச்ச கொப்பரைத் தேங்காயை எடுத்து வெளியே வெச்சுட்டேன். எண்ணெய்ச்சத்து அதிகங்கிறதால தானாவே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்காம். அதனால விமானத்துக்கு அது ஆபத்தான பொருள் பட்டியல்ல வருது. தென்னை ஊர்க்காரனுக்கே இது புதுசு!

ஃப்ளைட்ல அக்காவோட பெல்ட்ல பாப்பாவுக்கு ஒரு குட்டி பெல்ட்டைக் கோத்து மாட்டினாங்க. 'டேக்-ஆஃப் ஆகும்போது பால் கொடுத்தா காது வலிக்காது'ன்னு எங்கேயோ படிச்சிருந்தேன். "இப்ப குடுக்கா, இப்ப குடுக்கா!"ன்னு ஓடுபாதையில ஓட ஆரம்பிச்சதுல இருந்து நச்சரிச்சேன். நடு சீட்டுல ரெண்டு முழங்கைக்கு நடுவுல துப்பட்டாவைப் போர்த்திக்கிட்டு அக்கா பால் கொடுத்தா. பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறை 2015-லேயே தமிழ்நாட்டுல வந்துடுச்சு. வானத்துல அந்தத் துப்பட்டாதான் அறை. காத்துக்கு ஃப்ளைட் ரெண்டு தடவை தூக்கிப் போட்டது. பாப்பா வயிறு முட்டக் குடிச்சுட்டுத் தூங்கிட்டா. "எப்பூடி?"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

சென்னை நெருங்குச்சு. இன்ஜின் சத்தம் குறைஞ்சது. என் காது 'கும்'முனு அடைச்சது. முழுங்கினேன், 'டப்'. பாப்பா திடுக்குனு முழிச்சு வீல்னு அலறினா பாருங்க... அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்ல. பசி அழுகை கிடையாது. காது பக்கம் கையைக் கொண்டு போய், உடம்பை வில்லா வளைச்சு... அக்கா பால் கொடுத்துப் பார்த்தா. வயிறுதான் நிறைஞ்சிருக்கே, வாயையே வைக்க மாட்டேங்கிறா. முன் சீட்டு ஆள் ரெண்டு தடவை திரும்பி முறைச்சார். என் வயசுப் பையன் ஒருத்தன் 'ச்சே'ன்னுட்டு ஹெட்போன் மாட்டினான். எனக்குச் சுருக்குன்னுச்சு. பஸ்ல குழந்தை அழுதப்ப நானும் எத்தனையோ தடவை அந்த 'ச்சே' சொன்னவன்தான்.

சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் அவ அடங்கல. அக்கா ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு பாப்பா தலைமேல கன்னத்தை வெச்சுக்கிட்டே இருந்தா. அவ கண்ணு கலங்கியிருந்தது.

அப்புறம் சென்னையில செக்கப்புக்குப் போனப்ப, அந்தக் குழந்தைகள் டாக்டர்கிட்ட வெட்கத்தை விட்டுக் கேட்டேன். விஷயம் இதுதான். ஃப்ளைட் 30,000 அடிக்கு மேல பறந்தாலும் உள்ளே காத்தழுத்தம் 6,000-லிருந்து 8,000 அடி மலையில இருக்கிற மாதிரிதான் இருக்கும். கிட்டத்தட்ட ஊட்டி! காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல ஒரு சின்னக் குழாய் இருக்கு. மேல ஏறும்போது காதுக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு, அது வழியா சுலபமா வெளியே வந்துடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளிக்காத்து உள்ளே போகணும். முழுங்கினாத்தான் அந்தக் குழாய் திறக்கும். கைக்குழந்தைக்கு அது இன்னும் குறுகல். தூக்கத்துல முழுங்குறதும் குறைவு. அதனால இறங்க ஆரம்பிக்கும்போதே, அதாவது தரையைத் தொட இருபது, முப்பது நிமிஷம் முன்னாடியே எழுப்பிப் பால் கொடுக்கணும். சளி பிடிச்சிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்துடணும்.

நான் என்ன பண்ணினேன்? தேவைப்படற நேரத்துக்கு இருக்க வேண்டிய பசியை, ஏறும்போதே தீர்த்து வெச்சுட்டேன். காது குத்தறப்ப மடியில உட்கார வெச்சுக்கிற உரிமை தாய்மாமனுக்குன்னு சொல்வாங்க. குத்தறதுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடியே அந்தக் காதுக்கு வலி காட்டினவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்!

அக்காகிட்ட 'ஸாரி'ன்னேன். "போடா, நீயாச்சும் கூட வந்தியே"ன்னா.

அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயில்ல, என் மடியில. மச்சான் நேரா விசேஷத்துக்குத்தான் வர்றாராம். அம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு வர்ற டூட்டி மறுபடியும் எனக்கே. "ரயில்ல வாங்க சாமி"ன்னு அமுச்சி இப்பவே ஆரம்பிச்சாச்சு. அக்கா ஃப்ளைட்தான் போட்டிருக்கா. டிக்கெட்ல கோவையில இறங்குற நேரத்தைப் பார்த்து, அதுக்கு அரை மணி முன்னாடி என் போன்ல அலாரம் வெச்சுட்டேன். அக்காவும் அவ போன்ல ஒண்ணு வெச்சிருக்கா. என்னை நம்பலையாம்.