மீண்டும் மீண்டும் கொதிக்கும் எஞ்சின்

பழைய மோட்டார் கார் ஒன்றைப் பேணி வைத்திருக்கும் குடும்பங்கள் நமது பங்குகளில் இன்றும் பல உண்டு. அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் கோவை வீதிகளிலிருந்து அவை மறைந்துவிடவில்லை. எங்கள் இல்லத்தில் இருப்பதும் ஒரு மாருதி 800தான். முழங்கால் வலியால் பேருந்தின் படியேற இயலாத எங்கள் தாயாரை ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. ஆகவே, இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்றாம் முறையாக அதன் ஹெட் கேஸ்கெட் பழுதானபோது, மீண்டும் பணம் செலவிடுவதா, வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. புதிய வண்டி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

எஞ்சினின் உடலாகிய பிளாக்குக்கும், அதன்மேல் மூடிபோல் அமரும் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய தகடே கேஸ்கெட். அங்கே நெருப்பு, நீர், எண்ணெய் மூன்றும் அருகருகே இயங்குகின்றன. ஒன்று மற்றொன்றின் வழிக்குள் புகாமல் காப்பது இத்தகட்டின் பணி. மாருதி 800இல் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். அளவான சூட்டில் இவ்வேறுபாட்டைக் கேஸ்கெட் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லை மீறினாலோ ஹெட் வளைந்துவிடுகிறது. பழைய அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டும் வார்ப்பிரும்பே. வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிய அக்காலத்தாரை அவ்வண்டி பொறுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கேஸ்கெட் போனதன் அடையாளங்களை அறிந்துகொள்வது கடினமன்று. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் ரேடியேட்டரில் நீர் குறையும். எஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயில் வெண்புகை ஓயாது. எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் களிம்பு படிந்திருக்கும்.

முதல் முறை வண்டியை விட்ட பட்டறையில் கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தார்கள். ஹெட் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்க்கவில்லை. ஏழு மாதத்தில் பழைய கதை. இரண்டாம் முறை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க?” என்றார்கள். நமது நாட்டுப் பட்டறைகளில் பரவலாக நிலவும் நம்பிக்கை இது. நீர் 80 பாகையைத் தாண்டியதும் திறந்து வழிவிடும் சிறு கதவே தெர்மோஸ்டாட். அதை நீக்கினால் எஞ்சின் உரிய சூட்டை எட்டக் காலதாமதமாகும், பெட்ரோல் வீணாகும். அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடியேதான் இருக்கும்.

மூன்றாம் முறை, ஹெட்டை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குச் சென்றோம். பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற நமது கோவையில் அத்தகைய பட்டறைக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்த முதியவர் ஹெட்டின் முகத்தில் எஃகுச் சட்டம் ஒன்றை வைத்து, அடியில் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வளைவு இருத்தலாகாது. இதிலோ அதனினும் பன்மடங்கு இருந்தது. “கேஸ்கெட்டு சும்மா போகாதுங்க. சூடு எங்கிருந்து வந்துதுன்னு பாக்காம மாத்துனா மறுக்கா வருமுங்க” என்றார். பாவத்துக்கு ஏதுவான சமயங்களை விலக்கும் பிரதிக்கினையும் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டது எங்களுக்கு நினைவு வந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் ஊரல்லவா இது! பொறியைத் திறந்து காரணத்தைக் காணும் பழக்கம் இம்மண்ணில் இன்னும் அற்றுப்போகவில்லை.

அவர் சொற்படி ரேடியேட்டரைக் கழற்றித் திறந்தபோது உண்மை வெளிப்பட்டது. குழாய்களில் பாதிக்கு மேல் வெண்ணிறப் படிவால் அடைபட்டுக் கிடந்தன. கோவை இல்லங்கள் பலவற்றில் சிறுவாணி நீருக்கு ஒரு குழாயும் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீருக்கு ஒரு குழாயும் இருப்பதை வாசகர் அறிவர். எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் இரண்டாம் குழாயைத்தான் நம்பியிருக்கிறார்! கொதிக்கும் பானையின் அடியில் சுண்ணாம்பு படிவதுபோல ஆண்டுக்கணக்கில் அது படிந்திருக்கிறது. ரேடியேட்டரை மாற்றினோம், தெர்மோஸ்டாட் மீண்டும் இடம்பெற்றது, சுழலாமல் நின்றிருந்த மின்விசிறிக்குப் புதிய சுவிட்சு பொருத்தப்பட்டது. வடிநீரில் கலந்த கூலன்ட்டைத் தவிர வேறெதுவும் இப்போது அதில் ஊற்றப்படுவதில்லை.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாமல் காப்பது அதுவே. ரப்பர் தேய்ந்த மூடியால் அது இயலாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இக்குறை நன்கு புலப்படும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ அங்கே முழுப் பாரத்தோடு முக்கிக்கொண்டிருக்கும். சூட்டு முள் ஏறக் கண்டவுடன் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டர் இருப்பின் அதைத் திறந்துவிடுங்கள், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். திறந்த கணமே நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரத்துக்கு மேலாயினும் குளிரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது பதினான்கு மாதங்களாக வண்டி கொதிக்கவில்லை. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் புறப்படுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், கூலன்ட் புட்டியின் அளவைப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புகிறோம், தாயாரும் முன் இருக்கையில் அமர்ந்தபடி, “தண்ணி பாத்தாச்சா?” என்று கேட்கத் தவறுவதில்லை. லேத் பட்டறை முதியவரோ ஹெட்டை இழைத்துக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார், இன்னொரு முறை இழைப்பதற்கு அதில் கனம் இல்லை என்று.