பொத்தானை அழுத்துமுன்

பராமெடிக் வேலையை விட்டுப் போனவர்களைக் கேட்டால், பலர் முதலில் முதுகைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். பழைய ஸ்ரெச்சரில் நோயாளியைக் கிடத்தி, தம் பிடித்துத் தூக்கி, அம்புலன்ஸுக்குள் தள்ளி, மருத்துவமனை வாசலில் மறுபடி இறக்கவேண்டும். நோயாளிகளைக் கையாளும்போது ஒருவர் கையால் தூக்கும் எடை, வசதியான நிலையிலும், 35 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்று 2007இல் அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வோட்டர்ஸ் வரையறுத்தார். அது ஏறக்குறைய 16 கிலோ. அந்த எடைக்குள் அடங்கும் பெரியவர் யார்?

மின்விசை ஸ்ரெச்சர் வந்தபின் என்ன மாறியது என்று பார்க்க, ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஒரு பராமெடிக் நிலையத்துக்குப் போனேன். என்னைக் கூட்டிச் சென்றவர் ஸ்காபரோவில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும். அதை முடித்து வந்தவர்களுக்கும் இந்த ஸ்ரெச்சருக்கென்று தனிப் பயிற்சி உண்டு.

கராஜில் நின்றது ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் பவர்-ப்ரோ. வெறும் ஸ்ரெச்சரே 57 கிலோ. கையால் தூக்கும் பழையதைவிடப் பாரம் கூட. தாங்குவதோ 318 கிலோ. 24 வோல்ட் பற்றரி ஹைட்ரோலிக் பம்பை இயக்க, எக்ஸ் வடிவக் கால்கள் நிமிர்ந்து படுக்கையை உயர்த்துகின்றன. அம்புலன்ஸ் தளத்தில் பொருத்திய ஏற்றும் பொறி இரு கைகளை நீட்டிப் படுக்கையைத் தாங்கிக்கொள்ள, கால்கள் மடங்கி உள்ளே போகின்றன. பூட்டியதும் பற்றரி தானாகவே சார்ஜ் ஆகத் தொடங்கும்.

"படுத்துப் பாருங்கோ அங்கிள்" என்றார். படுத்தேன். நெஞ்சு, தோள், இடுப்பு, கால் என்று பட்டிகளை இழுத்துப் பூட்டினார். பக்கக் கம்பிதான் இருக்கிறதே, பட்டி எதற்கு என்று கேட்டேன். "கம்பி கை வைக்கத்தான். பிரேக் அடிச்சா ஆளைப் பிடிக்கிறது பட்டிதான். தோள் பட்டி இல்லாட்டி ஆள் தலைப்பக்கமா வழுக்கிப் போயிடுவார்."

அவருடைய கூட்டாளி கால்மாட்டில் நின்றார், பொத்தான்கள் அங்கேதான். இவர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். "ரெடியா?" "ரெடி." அதற்குப் பிறகுதான் பொத்தானில் விரல் போனது. பதில் வராமல் பொத்தானைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம்.

உயர்ந்தபோது ஒன்று புரிந்தது. படுக்கை மேலே போகப்போக, சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம் போதவில்லை என்று உடம்பே சொல்கிறது. உயர்த்தி ஓட்டும் ஸ்ரெச்சரின் சக்கரம் நடைபாதை விளிம்பிலோ பனிக்கட்டியிலோ கதவுப்படியிலோ தட்டினால், நோயாளியோடு சேர்ந்தே கவிழும். அதனால் நகர்த்தும்போது தாழ்த்தி வைப்பார்கள். பக்கவாட்டில் இழுக்கமாட்டார்கள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்றே நகர்த்துவார்கள். ஆளைக் கிடத்திவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் கையெடுப்பது கிடையாது.

நிலத்தில் ஊன்றாமல் பாரம் இல்லாதபோது கால்கள் வேகமாக மடங்கும். ஸ்ரெச்சரின் சட்டகத்துக்குள் யாருடைய விரலாவது இருந்தால் நசுங்கிவிடும். இறக்கும்போது கால்கள் நிலத்தில் ஊன்றிப் பூட்டியதைக் கண்ணால் பார்த்து, வாயால் சொன்ன பிறகே பொறியிலிருந்து விடுவிப்பார்கள். பற்றரி கைவிட்டால் கையால் இயக்கும் பிடி உண்டு. ஆனால் அதை இழுக்குமுன் இருவரும் இரு முனையிலும் பாரத்தை ஏந்திக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் பழைய காலம் திரும்பி வந்துவிடுகிறது. ஒவ்வொரு பணிநேரத் தொடக்கத்திலும் பற்றரி, பட்டி, சக்கரம், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்ப்பது அப்படி நேராமல் இருக்கத்தான்.

பலன் இருக்கிறதா? நயாகரா பிராந்தியத்தின் பராமெடிக் சேவை மின்விசை ஸ்ரெச்சருக்கும் ஏற்றும் பொறிக்கும் மாறிய பின், ஸ்ரெச்சரால் வரும் காயங்களின் வீதம் 78 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முதுகுகளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. நோயாளியைப் பொறுத்தவரை, கவனம் இன்னும் அந்த இருவரிடமேதான். "மெஷின் பாரத்தைத் தூக்கும். படுத்திருக்கிறவர் கையை வெளியில நீட்டிறாரோ எண்டு அதுக்குத் தெரியாது" என்றார் அவர்.

படிகளில் இந்த ஸ்ரெச்சர் ஏறாது. அங்கே நாற்காலி போன்ற வேறு கருவியில் ஆளை இறக்குவார்கள். அடுக்குமாடி எலிவேற்றரில் தலைப்பக்கத்தை உள்ளே தள்ளி நீளத்தைக் குறைக்கலாம். அதற்குமேல் சுருங்காது.

எங்கள் வீடுகளுக்கு வரும்போது என்ன சிரமம் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: வாசலில் குவிந்த சப்பாத்துகள், வழிக்காத பனி, உதவிக்கு ஓடிவரும் உறவினர். கடைசியானதுதான் ஆபத்து. மாமாவோ மச்சானோ ஆசையோடு கம்பியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தால், இருவர் காக்கும் சமநிலை மூன்றாவது கையால் குலையும்.

ஆகவே 911ஐ அழைத்துவிட்டுக் காத்திருக்கும்போது வாசலை ஒதுக்குங்கள், பனியை வழித்து உப்புப் போடுங்கள், ஒருவரை அனுப்பி எலிவேற்றரைப் பிடித்து வைத்திருங்கள். அவர்கள் வந்தபின் ஸ்ரெச்சரில் கை வைக்காதீர்கள். அம்மாவுக்கு நோகும் என்று பட்டியைத் தளர்த்தவும் கேட்காதீர்கள்.