‘தியாகச் சுடர்’ என்று எழுதும் முன்

திங்கள்

கல்யாணச் சாவு என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் கண்டு, தொண்ணூறைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த கிழவிக்கு அழுகை ஒரு பக்கம் என்றால் வெடி ஒரு பக்கம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், பறையடிக்கு இளவட்டங்கள் ஆடுவார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். அந்த ஃபிளெக்ஸைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். மேலே ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு வரி. தோற்றத்துக்குப் பெரும்பாலும் வருஷம் மட்டும்தான் இருக்கும். அதுவும் வாக்காளர் அட்டைக்காக யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயதிலிருந்து பின்னோக்கிக் கழித்துப் பார்த்த வருஷம். நடுவில் ஆதார் படத்தைப் பெரிதாக்கிய முகம், இல்லையென்றால் யாருடைய கல்யாண ஆல்பத்திலோ ஓரமாக நின்றவரை வெட்டி எடுத்த முகம். கீழே ‘அன்பின் சிகரம்’, ‘பாசத்தின் இருப்பிடம்’, ‘தியாகச் சுடர்’. அதற்கும் கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், அவரவர் பட்டத்தோடும் உத்தியோகத்தோடும். படித்து முடித்தால் மூத்த மகன் எந்த இலாகாவில் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். தொண்ணூறு வருஷம் வாழ்ந்தவர் என்ன செய்தார் என்பது தெரியாது. அடுத்த தெருவில் இறந்தவருக்கும் அதே ஃபிளெக்ஸைப் பெயர் மட்டும் மாற்றிக் கட்டலாம், ஒரு சொல்லும் பிசகாது.

அன்பு குறைவு என்று யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அன்பு நிறையவே இருக்கிறது. ஆனால் இந்தப் பாராட்டு இன்னொரு வேலையும் செய்கிறது, அது கணக்கை முடித்துவிடுகிறது. ‘தியாகம்’ என்று ஒரு பட்டம் கட்டிய பிறகு, எதை விட்டுக்கொடுத்தார், எந்த வருஷம், யார் கேட்டு, யாருக்கு லாபமாக என்று கேட்க ஆளில்லை. அதனால்தான் சொல்கிறேன்: நேசித்த ஒரு கிழவியின் நீண்ட ஆயுளை நினைவில் வைக்க வேண்டுமானால் அதை வருஷம் போட்டு எழுத வேண்டும். புகழ்மொழி அவரை எல்லாக் கிழவிகளோடும் கலந்துவிடும். தேதிதான் அவரைத் தனியாக எடுத்துக் காட்டும்.

செவ்வாய்

பேச்சுக்காக ஒரு வாழ்க்கையைப் போட்டுப் பார்க்கிறேன். தமிழ்நாட்டு இந்துக் குடும்பம், கொஞ்சம் நிலம் உண்டு. பெண் பிறந்தது 1932, கல்யாணம் 1948, காலமானது 2024. குழந்தை மணத் தடைச் சட்டம் 1930லேயே அமலுக்கு வந்து பெண்ணுக்குப் பதினான்கு என்று வயது வைத்துவிட்டது. பதினாறில் நடந்த இந்தக் கல்யாணத்தில் சட்டப்படி குறையில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல் வரும்போது அவருக்கு 24 வயது. அப்பா தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால் மகளுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்திலோ மகன் பிறப்பாலேயே பங்காளி, மகள் அப்படி இல்லை. பிறந்த வீட்டில் அவருக்குப் பாகம் வந்தாலும், அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும்வரை அந்த வீட்டைப் பிரித்துக் கேட்க அவருக்கு உரிமை கிடையாது. 1989 மார்ச்சில் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்து பூர்வீகத்திலும் மகளுக்கு மகனுக்குரிய பங்கைக் கொடுத்தது. நல்ல சட்டம்தான், ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு இல்லை என்று ஒரு வரி வைத்திருந்தது. அவருக்கு அப்போது வயது 57. அந்த வரியையும், வீட்டைப் பற்றிய பழைய தடையையும் 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியபோது வயது 73. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொட முடியாது என்று அதுவே சொல்லிவிட்டது. 2005ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா, இல்லையா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2020ல் தீர்த்தது. வேண்டியதில்லையாம். அவருக்கு அப்போது 88.

இந்த மூதாட்டி இறந்ததும் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். “அண்ணன் தம்பிகிட்ட ஒரு செண்டு நிலம் கேட்டதில்லை, அவ்வளவு பெருந்தன்மை” என்பார்கள். இருக்கலாம். சட்டம் மூன்று முறை அவர் வாசல் வரை வந்து ஏதோ ஒரு நிபந்தனையைக் காட்டித் திரும்பிப் போனதும் உண்மை. கேட்காமல் இருந்த மனம் வேறு, கேட்க முடியாமல் இருந்த நிலைமை வேறு. தேதி போடாவிட்டால் இரண்டும் ஒரே பெருந்தன்மையாகிவிடும்.

கேட்க முடிந்த இடத்திலும் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா தங்கைகளை வரிசையாக நிற்கவைத்து, இன்ன சர்வே எண்ணில் எனக்குள்ள பாத்தியதையை விட்டுவிட்டேன் என்று இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கும் பத்திரம். அது பல குடும்பங்களில் பீரோவுக்குள் இருக்கிறது. அதில் தேதி இருக்கும், தொகை ஏதும் கொடுத்திருந்தால் தொகை இருக்கும், சாட்சிகள் பெயர் இருக்கும். அஞ்சலி மலர் போடுகிறவர்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு கிழவியின் வாழ்க்கையில் அவர் பெயர், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாம் முழுசாக எழுதப்பட்ட காகிதம் அது ஒன்றாகவே இருந்தாலும் இருக்கலாம்.

இதற்கு மறுமொழி உடனே வரும்: சீர்செனத்தி செய்தார்களே, நகை போட்டார்களே, அதுதானே பெண்ணின் பங்கு? சரி, அந்த நகையையே எடுத்துக்கொள்வோம். அடகுக் கடைக்குப் போய் மகனின் கல்லூரிக் கட்டணமானது, மீண்டு வந்து மறுபடி போய் கிணற்றுக்கு மோட்டாரானது, கடைசியில் மூழ்கிப்போனது. இதையும் தியாகம் என்றுதான் சொல்கிறோம். ஒரு ஆண் தன் சொத்தைப் போட்டு இன்னொருவர் படிப்பையும் விவசாயத்தையும் நிமிர்த்தியிருந்தால் முதல் போட்டவர் என்றிருப்போம். எத்தனை சவரன், எந்த வருஷம், அன்றைக்குச் சவரன் என்ன விலை என்று எழுதிப் பார்த்தால், அந்த வீட்டின் முதலீட்டாளர் யார் என்பது தானே விளங்கும்.

வியாழன்

பெயர் விஷயம். முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது நாட்டில் ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளர்கள். அவர்களில் சுமார் 28 லட்சம் பேர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே எழுதவைத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை, சொந்தப் பெயர் வராதவர்களை நீக்கச் சொன்னார். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துப் பெண்கள். நம் பக்கம் அவ்வளவு மோசமில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் ஈழத்து மரண அறிவித்தலையும் நம் ஃபிளெக்ஸையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெருமை தங்காது. காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னின்னாரின் அருமைத் தாயாரும் என்று நீள்கிற அந்த வாக்கியத்தில் அவருக்கென்று ஒரு வினைச்சொல் இருந்தால் அது ‘காலமானார்’ மட்டும்தான். சுகுமார் சென் கண்டிப்புக்காரர், ஆனால் அவர் கேட்ட கேள்வி சரி. உன் பெயர் என்ன என்றுதான் கேட்டார்.

தமிழ்நாட்டு அரசாங்கம் இப்போது குடும்பத் தலைவி என்று ஒரு வகையைக் காகிதத்திலேயே கொண்டுவந்துவிட்டது. 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாயோடு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை அவர் கணக்கில் போய் விழுகிறது. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவியைத் தலைவியாக எடுத்துக்கொள்வது விதி. அங்கேயும் கணவர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது என்பதை ஒரு ஓரமாகக் குறித்து வைக்கிறேன். ஆனாலும் பணம் அவர் பெயரில் வருகிறது, பாஸ்புக்கில் தேதியோடு பதிகிறது. ஐம்பது வருஷம் கழித்துப் பேத்தி எடுத்துப் பார்க்க ஏதோ இருக்கும்.

வெள்ளி

வருஷம் போட்டு எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. மைதிலி சிவராமனை வெண்மணியின் பெயரோடு சேர்த்துத்தான் பலருக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட அந்த ஊரைப் பற்றி அப்போதே போய்ப் பார்த்து எழுதியவர், தொழிற்சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் வாழ்நாளைக் கழித்தவர். அவரே 2006ல் தன் அம்மாவைப் பெற்ற பாட்டி சுப்பலட்சுமியைப் பற்றி ‘ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்’ என்று ஒரு புத்தகம் போட்டார். சுப்பலட்சுமி (1897–1978) பதினொரு வயதில் கல்யாணம் ஆனவர், பதினாலில் தாய். கணவர் ஆங்கிலேய அரசின் உப்பு இலாகாவில் அதிகாரி. பள்ளிக்கூடப் படிப்பு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் படித்துத் தள்ளியவர். மகள் பங்கஜம் படிக்க வேண்டும் என்று சென்னைத் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தவர். அவர் விட்டுப்போன நாட்குறிப்பும் கடிதங்களும் குறிப்புகளும்தான் அந்தப் புத்தகத்துக்கு மூலப்பொருள்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது, பேத்தி பாட்டியைப் புகழ்ந்து நிரப்பவில்லை என்பது. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டிருக்கிறார். எந்தப் பெரிய ஆசை நிறைவேறாமல் போனது, வீட்டில் எந்த முடிவு யாருடைய கையில் இருந்தது என்று காகிதத்தைக் கேட்கிறார். ‘தியாகி’ என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் இருநூறு சொச்சம் பக்கத்துக்கு வேலையே இருந்திருக்காது. பிறகு அதே வரிசையில் மைதிலியின் மகள் கல்பனா கருணாகரன், தன் பாட்டி பங்கஜத்தின் (1911–2007) எழுத்துகளையும் கடிதங்களையும் வைத்து ‘எ வுமன் ஆஃப் நோ கான்சிக்வென்ஸ்’ என்று எழுதினார். பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு பெண் என்ற பொருளில் குத்தலாக வைத்த தலைப்பு. இரண்டு பாட்டிகளும் இரண்டு வேறு மனிதர்களாக நிற்கிறார்கள், ஒரே குடும்பமாக இருந்தும். மைதிலி கடைசி வருஷங்களில் அல்சைமர் நோயோடு இருந்து 2021ல் கொரோனாவில் காலமானார். பாட்டியைப் பற்றி அவர் எழுத நினைத்ததைப் பத்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தக் காகிதங்களுக்கு வாசகர் இருந்திருக்க மாட்டார்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. எழுதத் தெரிந்த, பெட்டி வைத்துக்கொள்ள இடமிருந்த பிராமண வீட்டுக் கதை இது. கைநாட்டு வைத்த கிழவிக்கு எங்கே நாட்குறிப்பு? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வீரம்மா. புதுச்சேரிக்கு அருகே ஒரு சேரியில் வாழ்ந்த தலித் விவசாயக் கூலி, பிரசவம் பார்ப்பவர், பாட்டுக்காரர். பாட்டுகளைப் பதிவு செய்யப் போன இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீனிடம், பல வருஷங்களில் தன் வாழ்க்கையையே சொல்லி முடித்தார். பிரெஞ்சிலும் பிறகு 1997ல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்றுதான் மிஞ்சின என்று அவர் சொல்வதை ‘தாய்மையின் திருவுருவம்’ என்ற பட்டத்துக்குள் எப்படி அடைப்பது? ஒவ்வொன்றும் எதனால் போனது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பாட்டியிடம் எழுத்து இல்லை என்பது உண்மைதான், ஆனால் கேட்க ஆளிருந்தால் போதும். இன்றைக்கு எல்லாப் பேரன் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அதில் பாட்டியை வைத்து என்ன எடுக்கிறார்கள் என்றால், கேக் வெட்டும் வீடியோ.

ஞாயிறு

இன்னும் இரண்டு மறுப்புகள் பாக்கி. ஒன்று, இறந்தவரின் அந்தரங்கத்தை ஏன் கிளற வேண்டும் என்பது. கிளறக்கூடாதவை இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொத்துப் பத்திரமும் ரேஷன் அட்டையும் பிரசவக் கணக்கும் அந்தரங்கம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றால் பயனடைந்தவர்களாகவே இருப்பதைக் கவனித்தால், யாருடைய அந்தரங்கம் காக்கப்படுகிறது என்ற சந்தேகம் வரும். அஞ்சலி ஒரு சடங்கு, வரலாறு எழுதுகிற இடமில்லை என்று ஒரு கிளை மறுப்பும் உண்டு. பதினாறு நாள்வரை அது சரி. அதற்குப் பிறகும் ஃபிளெக்ஸ் வாசகமே நிலைத்த நினைவாக இருப்பதுதான் தொந்தரவு.

மற்றது இதைவிடக் கனமானது. வருஷம் போட்டு எழுதப் போனால் அவர் பட்டது மட்டுமா வரும்? அவர் செய்ததும் வரும். குடும்பத் தலைவி என்பவர் ஒரு அதிகாரியும்தான். நெல் அளந்து போட்டவர், அளந்து போடும்போது யாருக்குக் குறைத்தார்? கொல்லைப்பக்கம் தனிக் குவளை யாருக்காக இருந்தது? மகள் கல்யாணத்தில் கேட்டவர்களை ஊரெல்லாம் சபித்துவிட்டு, மகன் கல்யாணத்தில் எத்தனை சவரன் கேட்டார்? பேத்தி வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தச் சொன்னவரும் அவர்தானா? இந்தக் கேள்விகளுக்கு அஞ்சித்தான் பலர் புகழ்மொழியில் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதற்காக என் வாதத்தை விட்டுவிட முடியாது, இதனால்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. தவறே செய்யாத தெய்வத்தை நேசிப்பதில் பெரிய சிரமமில்லை. இன்ன வருஷம் இன்னாருக்கு இன்ன அநியாயம் செய்தவர், வேறொரு வருஷம் தன் தோட்டைக் கழற்றி இன்னாரைக் காப்பாற்றியவர், இரண்டும் ஒருவர்தான் என்று தெரிந்துகொண்டு நேசிப்பதற்குத்தான் அன்பு வேண்டியிருக்கிறது.

நடைமுறைக்கு ஒரு யோசனை. வருஷ திதிக்கு மலர் போடுகிற குடும்பங்கள், மூத்த மகன் முன்னுரை, இளைய மகன் கவிதை, பேரன் ஆங்கிலக் கட்டுரை என்று வாங்கிப் போடுகிறார்கள். மூத்த மருமகளிடமும் நாலு பக்கம் கேட்டு வாங்கலாம். மாமியாரோடு ஒரே அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவர், யாருக்கு எது எப்போது பரிமாறப்பட்டது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியும் வெட்டுவதில்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவரும் ‘அன்பின் சிகரம்’ என்றுதான் ஆரம்பிப்பார்.