நிலைத்ததும் வளர்வதும்

புதுமையை விரும்பாத மனிதர் அரியர். எனினும், குடியிருக்கும் வீட்டின் கூரையை நாள்தோறும் பிரித்து வேய எவரும் இசையார். கணினியின் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்விரு மனநிலைகளுக்கும் இடையில்தான் நாம் நிற்கிறோம். முதிர்ந்து நிலைபெற்ற பதிப்பைக் கொள்வதா, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் வளர்ச்சிப் பதிப்பைக் கொள்வதா என்பதே வினா.

நான் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் டெபியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிவைத்த இந்த இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் உருவாக்கி, விலையின்றி வழங்குகின்றனர். புதிய மென்பொருள் முதலில் 'நிலையற்றது' என்னும் பகுதிக்கு வருகிறது. அதன் மறுபெயர் சிட். 1995இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் அண்டை வீட்டுச் சிறுவனின் பெயர் அது, பெயரே எச்சரிக்கை! அங்குச் சில நாள்கள் தங்கி, கடும் பிழைகள் தென்படாவிடில், மென்பொருள் 'சோதனை'ப் பகுதிக்குச் செல்லும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை அப்பகுதியின் வாயில் அடைக்கப்படும். அப்போது புதியவை நுழையா, பிழைகளே களையப்படும். அதன் பின்னரே 'நிலையானது' என்னும் தகுதி கிட்டும். 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் இவ்வாறே வெளிவந்தன.

நிலையானது என்றால் பிழையே அற்றது என்று பொருளன்று. நேற்று இருந்தவாறே நாளையும் இருக்கும் என்பதே பொருள். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பழகிய முறை மாறாது.

எங்கள் சங்கத்தின் முதிய எழுத்தாளர்கள் கையால் எழுதித் தந்த கதைகளையும் கட்டுரைகளையும் தட்டெழுதிக் காக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. அவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் எழுத்துகள் உறங்கும் கணினியில் நிலைப் பதிப்பைத் தவிர வேறெதற்கும் நான் இடந்தரேன்.

ஆயின், வளர்ச்சிப் பதிப்பை இகழ்ந்து ஒதுக்கலாமா? 2024இல் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளத்தனமாகப் பின்வாசல் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அது டெபியனின் நிலையற்ற பகுதியிலும் சோதனைப் பகுதியிலும் புகுந்துவிட்டது. நிலைப் பதிப்பை எட்டவில்லை. எட்டாமல் தடுத்தவர் யார்? சிட் பதிப்பில் பணியாற்றிக்கொண்டிருந்த ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்று, ஆராய்ந்து, மார்ச் 29ஆம் நாள் அதனை உலகுக்கு அறிவித்தார். நிலைப் பதிப்பில் நாம் அமைதியாக உறங்குகிறோமெனில், நிலையற்றதில் எவரோ கண்விழித்திருக்கிறார் என்பதே காரணம்.

இதனால்தான் மற்றொரு பழைய மடிக்கணினியில் சோதனைப் பதிப்பை வைத்திருக்கிறேன். இழப்பதற்கு ஒன்றுமில்லாத கணினி அது. வாரந்தோறும் அதில் தமிழில் ஒரு பக்கம் தட்டெழுதிப் பார்ப்பேன். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றனவா? அச்சிட்டால் வரி சிதைகிறதா? தமிழறியாத வல்லுநர் இவற்றை எவ்வாறு கண்டறிவார்? வாயில் அடைபடுமுன் நாம் சொல்லாத பிழை, நிலைப் பதிப்பிலும் குடியேறி ஈராண்டு நம்முடனேயே வாழக்கூடும்.

ஒரே கணினியில் இரண்டையும் கலப்பது மட்டும் வேண்டா. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் நிலைக்கே அது நம்மை ஆளாக்கும். டெபியனைப் பேணுவோரும் அவ்வாறே எச்சரிக்கின்றனர்.

பிறர் நம்பி ஒப்படைத்ததை நிலைத்ததில் வைப்போம். நம்மால் இயன்ற உழைப்பை வளர்வதற்குத் தருவோம். பிறர் விழித்திருந்து காத்த பயனை நுகர்வோர்க்கு, ஒரு நாழிகையேனும் தாமும் விழித்திருக்கும் கடன் உண்டு.