ஹேண்ட் கியரா, ஃப்ளோர் கியரா

பழைய அம்பாசடர் டீசல். 1489 சிசி. 37 குதிரைத்திறன். எஞ்சின் திடமாக இருக்கிறது, கியர் பாக்ஸ் போய்விட்டது.

அதே நாலு கியர் பெட்டியைத் தேடுவதா? இசுஸு ஐந்து கியரை ஏற்றுவதா?

இசுஸு பெட்டி 1990களின் தொடக்கத்தில் வந்தது. 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு. அது 75 குதிரைத்திறன்.

முதலில் பின் அச்சைப் பார்க்க வேண்டும். பினியனில் எத்தனை பல், கிரவுனில் எத்தனை பல். யாரும் எண்ணுவதில்லை.

9க்கு 41 என்றால் 4.56. டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில், நேரடி நாலாவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,280 சுற்று.

ஐந்தாவது 0.8 என்று வைத்துக்கொண்டால் 1,820தான்.

அந்தச் சுற்றில் ஐந்து பேரையும் டிக்கிச் சுமையையும் இழுக்குமா? சமதளத்தில் இழுக்கும். மேம்பாலம் வந்தால் மறுபடி நாலு.

80இல் கதை வேறு. 3,040 சுற்று 2,430 ஆகிறது. இரைச்சல் குறையும். நான்குவழிச் சாலையிலேயே ஓடுபவருக்கு அது பெரிய நிம்மதி.

பழைய பெட்டிக்கு ஹேண்ட் கியர், அதாவது ஸ்டியரிங் பக்கத்துக் கியர் தண்டு. கீழே லிங்கேஜ் தேய்ந்தால் கியர் சிக்கும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, கையால் இழுத்துவிட்டு, திரும்ப ஏறுவார். பெட்டியில் குறை இருக்காது. புஷ் மாற்றினால் போதும். அதற்காகப் பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு.

முன் சீட்டில் மூன்று பேர். ஃப்ளோர் கியர் வைத்தால் நடு ஆளின் முழங்காலுக்கு இடமில்லை.

பழைய பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும்.

நியூட்ரலில் உறுமல். கிளட்சை மிதித்தால் நிற்கிறது. பெட்டிக்குள் பேரிங்.
மிதித்தால் சத்தம் வருகிறது. ரிலீஸ் பேரிங். அதற்குப் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது.

நீலகிரியில் கல்லட்டி மலைச்சாலை இறக்கம். 36 கொண்டை ஊசி வளைவுகள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அங்கே ஐந்தாவது கியருக்கு வேலையே இல்லை. இரண்டாவதுதான் உயிர்.

பழைய 1489 சிசி பிஎம்சி எஞ்சினுக்கும் இசுஸு பெட்டிக்கும் போல்ட் துளைகள் பொருந்தாது. லேத்தில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். மையம் மயிரிழை விலகினாலும் முன் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் தேயும். கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் பொருந்த வேண்டும். ப்ராப்பலர் ஷாஃப்டின் நீளம் மாறும். வெட்டி ஒட்டியதும் பேலன்ஸ் பார்க்காவிட்டால் தரை அதிரும்.

பெட்டி மட்டும் மலிவு. மீதியெல்லாம் கூலி.

ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் உண்டு, சேசிஸ் நம்பர் உண்டு. கியர் பாக்ஸுக்கு இடமே இல்லை.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கினால் ஆயிலை வடித்துப் பாருங்கள். மஞ்சள் பொடி என்றால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. இரும்புத் துணுக்கு என்றால் பல் உடைந்திருக்கிறது. ஒவ்வொரு கியராகப் போட்டு முன் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். ஆட்டியும் பாருங்கள். கழுவிப் பெயின்ட் அடித்து வைத்த பெட்டி எனக்குப் பிடிக்காது. கறுப்பு எண்ணெய் ஒட்டியதே மேல்.

1489 சிசி எஞ்சின் அப்படியே இருக்கப்போகிறதென்றால் நாலு கியரே போதும். ஐந்து கியர்தான் வேண்டுமென்றால் இசுஸு எஞ்சினோடு சேர்த்து வாங்குங்கள், ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரை ஏற்றிவிடுங்கள்.